பூர்வீகம் தேடுவோர் கேட்கும் கேள்விகள்: தாலுகா ஏடு முதல் கல்லறைத் தோட்டம் வரை

தமிழ்நாட்டில் முன்னோரைத் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர் மதுரையில் இருந்தாலும் டர்பனில் இருந்தாலும் முதலில் ஊரைப் பிடிக்க வேண்டும். அந்த ஊரின் ஏடு இன்று எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்பது அடுத்த வேலை. யாருடைய பெயர் எந்த ஏட்டில் ஏறியது என்பது அவரவர் கையில் நிலம் இருந்ததா, எந்தச் சமயம், எந்தச் சாதி என்பதைப் பொறுத்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் தவறான கதவைத் தட்டி அலைய வேண்டியிருக்காது.

கொள்ளுத்தாத்தா பெயருக்கு மேலே வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுப் பரணிலிருந்து. பழைய பத்திரம், ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளிக்கூட டி.சி. எதையும் தள்ளிவிடாதீர்கள். இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது மொய் நோட்டு. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய கல்யாண மொய் நோட்டு ஒன்று கிடைத்தால், யார் எந்த ஊரிலிருந்து வந்தார், தாய்மாமன் முறையில் எழுதியவர் யார், பங்காளிகள் எத்தனை வீடு என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் ஊர்ப் பெயரையும் தகப்பன் பெயரையும் கவனமாக எழுதி வைத்திருப்பார்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போது அத்தைமாரையும் பெரியம்மாக்களையும் முதலில் கேளுங்கள். பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர் என்று இரண்டு ஊர்க் கதையும் அவர்களுக்குத் தெரியும். “தாத்தாவோட அப்பா பேர் என்ன?” என்று கேட்டால் “யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்பார்கள். “நம்ம குலதெய்வம் எந்த ஊர்ல? அங்க யார் யாரெல்லாம் வரி குடுப்பாங்க? பாட்டிக்குப் பொறந்த ஊர்ச் சீர் யார் கொண்டுவந்தாங்க?” என்று கேளுங்கள். பெயர்கள் தானாக வரும்.

ஊர் தெரியும். எந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும்?

இன்றைய மாவட்டத்தை மட்டும் பார்த்தால் பாதி ஏடு கிடைக்காது. ஏடு எழுதப்பட்ட நாளில் அந்த ஊர் எந்த ஜில்லா, எந்தத் தாலுகா என்று தெரிய வேண்டும். சாத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 முதல் அது விருதுநகர் மாவட்டம். அதற்கு முன்பு ராமநாதபுரம். ராமநாதபுரம் ஜில்லாவே 1910-இல்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து உருவானது என்பதால், அதற்கு முந்தைய காகிதத்தில் சாத்தூர் திருநெல்வேலிக்குக் கீழே இருக்கும். ஊர் நகரவேயில்லை, ஜில்லா மூன்று மாறிவிட்டது.

இப்படியே ஈரோட்டுக்காரர்கள் 1979-க்கு முன் கோயம்புத்தூரில் தேட வேண்டும். திண்டுக்கல்காரர்கள் 1985-க்கு முன் மதுரையில். தருமபுரிக்கு 1965-க்கு முன் சேலம். நாகப்பட்டினம் 1991 வரை தஞ்சாவூர். தென்காசி 2019 வரை திருநெல்வேலி. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம் என்பதால் அதன் பழைய ஏடுகள் தனி வரிசை. கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. ஆகவே நாகர்கோவில், கல்குளம் பக்கத்துக் குடும்பங்கள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும், மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்தில் என்ன கிடைக்கும்?

‘அ’ பதிவேடு, சிட்டா (யார் பேரில் எவ்வளவு நிலம் என்ற கணக்கு), அடங்கல் (பயிர்க் கணக்கு), புலப்படம் (நில அளவை வரைபடம்). இவற்றில் முக்கியமானது ‘அ’ பதிவேடு. புல எண், பழைய புல எண், பரப்பு, யார் பேரில் பட்டா என்பது அதில் இருக்கும். பழைய புல எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் இதற்கு முந்தைய நிலவரி ஏடுகளுக்குள் நுழைய முடியாது. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வதில், பல ஊர்களில் பெயர்கள் தப்பாக ஏறியிருக்கின்றன. ஒரே ஒரு ஏட்டைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதற்கு முன் கணக்கு எழுதிய கர்ணம் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருப்பார்கள். ஏடுகள் தாலுகாவுக்குப் போய்விட்டாலும், யார் நிலம் எந்த வழியில் யாருக்கு வந்தது என்ற ஞாபகம் அந்த வீடுகளில் இருக்கும். ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பேசுவது வீண் போகாது.

நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த பழைய செட்டில்மெண்ட் ஏடுகளுக்குத் தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகப் பதிவறை. நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போடுங்கள். மனுவில் கிராமம், புல எண், எந்த ஏடு, எந்த ஆண்டு என்று குறிப்பாக எழுதினால்தான் பயன்.

இனாம் நிலம், அதாவது மானியமாகக் கிடைத்த நிலம் இருந்த குடும்பங்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. 1858-இல் அமைத்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து ஏடு எழுதியது. முதலில் மானியம் வாங்கியவர் யார், அப்போது அனுபவித்தவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்பது அதில் வரும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும்.

பத்திரப் பதிவு அலுவலகம் எந்த அளவுக்கு உதவும்?

நிலம் இருந்த குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை. வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பல அலுவலகங்களுக்கு 1975 முதல் இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டிக் கைத்தேடல் போட வேண்டும். பதிவுச் சட்டப்படி அங்கே பெயர் அட்டவணை ஒன்றும் சொத்து அட்டவணை ஒன்றும் இருக்கும். நிலம் எது என்று தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் தேடுங்கள். ஊர் எந்தச் சார்பதிவகத்துக்குக் கீழே இருந்தது என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வில்லங்கச் சான்றோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பத்திர நகலை வாங்கிப் படிக்க வேண்டும். பழைய கிரயப் பத்திரம் இந்த நடையில் போகும்: “மேற்படி கிராமத்தில் இருக்கும் முத்தையா குமாரர் சுப்பையாவுக்கு, மேற்படியூர் கந்தசாமி குமாரன் வேலாயுதம் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம். எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்துவருகிற…” பிதுரார்ஜிதம் என்று வந்தால் நிலம் தகப்பன்வழி வந்தது, இன்னும் பின்னால் போக இடம் இருக்கிறது. சுயார்ஜிதம் என்றால் எழுதிக்கொடுத்தவரே சம்பாதித்தது, அவர் வாங்கிய பத்திரத்தைத் தேட வேண்டும்.

அடுத்து செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. “ராமசாமி நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, சின்னத்தம்பி நிலத்துக்குக் கிழக்கு” என்று இருக்கும். அந்த ராமசாமியும் சின்னத்தம்பியும் பல நேரங்களில் அண்ணன் தம்பி, இல்லை சித்தப்பா மகன். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த நிலம் பாகம் பிரிந்து அடுத்தடுத்துக் கிடக்கிறது. அவர்கள் பெயரிலும் தேடுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் விடாதீர்கள், மாமன் மச்சான்தான் பெரும்பாலும் சாட்சி.

பாகப் பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் ஒரு தலைமுறை அண்ணன் தம்பிகள் முழுக்க ஒரே காகிதத்தில் வந்துவிடுவார்கள். உயிலைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: பதிவு செய்த உயிலின் நகலை, எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கலாம். பதிவுச் சட்டம் 57-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. வாரிசு என்று நிரூபிக்கத் தேவையில்லை.

எங்கள் குடும்பத்துக்கு நிலமே இருந்ததில்லை. எங்களைப் பற்றி எந்த ஏட்டில் இருக்கும்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காமல்தான் பலர் தேடலைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பட்டா ஏட்டில் பெயர் இல்லை என்றால் வரலாறு இல்லை என்று ஆகாது. உழுதவர்கள், தறி நெய்தவர்கள், சலவை செய்தவர்கள், பறையடித்தவர்கள் பெயரெல்லாம் வேறு ஏடுகளில் சிதறிக் கிடக்கின்றன.

முதலாவது பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு. பிறந்த தேதி, தகப்பன் பெயர், சாதி, ஊர், எந்த வகுப்பில் நின்றார் என்பது வரைக்கும் இருக்கும். தேதியை வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார், மற்றதை நம்பலாம். மிஷன் பள்ளிகளின் ஏடுகள் இன்னும் பழையவை.

இரண்டாவது பஞ்சமி நிலம். 1892 அரசாணையைத் தொடர்ந்து பட்டியல் சாதி மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் இவை. இன்று அந்த நிலம் யார் கையில் இருந்தாலும், முதல் ஒப்படை யாருக்கு என்பது பழைய வருவாய் ஏடுகளில் இருக்கும். அதைத் தேடி எடுப்பது குடும்ப வரலாற்றுக்கு மட்டும் உதவுகிற வேலை இல்லை, உரிமைக்கும் ஆதாரம். இந்த ஏட்டைக் கேட்கும்போது அலுவலகத்தில் தயக்கம் காட்டினால் எழுத்து மூலமாகவே கேளுங்கள்.

மூன்றாவது, ‘கோயில்’ என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்கிற சர்ச்சின் ஏடுகள். நான்காவது கடல் கடந்தவர்களின் கப்பல் பட்டியல். இரண்டையும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பிறப்பு, இறப்புச் சான்று எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும்?

இப்போது நடப்பில் இருப்பது 1969-ஆம் வருஷத்துச் சட்டம். அதற்கு முன் சென்னை மாகாணத்தில் 1899 சட்டப்படி பதிவு நடந்தது. நகராட்சி என்றால் நகராட்சியிலேயே கேளுங்கள். கிராமம் என்றால் பழைய ஏடுகள் பல இடங்களில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கின்றன.

பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவதால் “ஆண்” என்றும் தகப்பன் பெயரும் மட்டும் இருக்கும். தகப்பன் பெயரையும் தோராயமான வருஷத்தையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் பார்க்க முடியுமா?

முடியாது. அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்து வீடு வீடான விவரம் வெளியாகிறது. இங்கே 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு தனிநபர் ஏடுகளை யாரும் பார்வையிட விடாது. அதற்குப் பதிலாகப் பழைய வாக்காளர் பட்டியலைப் பாருங்கள்.

“தாது வருஷத்தில் வந்தோம்” என்று பாட்டி சொல்வார். அது எந்த வருஷம்?

தமிழ் வருஷம் 60-க்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1876, 1936, 1996. குடும்பம் ஊர் மாறிய கதையில் தாது வந்தால் பெரும்பாலும் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம்தான். தாது வருஷப் பஞ்சம் என்று பேரே அதுதான். கதை சொல்கிறவரிடமிருந்து எத்தனை தலைமுறை மேலே என்று எண்ணிப் பார்த்தால் எந்தச் சுற்று என்பது தெரிந்துவிடும்.

நிலவரி ஏட்டில் பசலி, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு இருக்கும். பசலியோடு 590 கூட்டுங்கள். பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்தில் கொல்லம் ஆண்டு வரும். அதோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும், ஆவணியை ஒட்டித் தொடங்கும் ஆண்டு என்பதால் மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சர்ச் ஏடுகளில் என்ன இருக்கும்? எப்படிக் கேட்பது?

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று ஏடுகள். ஞானஸ்நான ஏட்டில் தாய் பெயர் இருக்கும், கத்தோலிக்க ஏட்டில் ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். நிலப் பத்திரம் மறைத்துவிடுகிற பெண்கள் இங்கே கிடைப்பார்கள். மதம் மாறிய தலைமுறை என்றால் பழைய பெயரும் புதுப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இந்து முன்னோருக்கும் கிறிஸ்தவச் சந்ததிக்கும் நடுவில் கண்ணியாக இருப்பது அந்த ஒரு வரிதான்.

தரங்கம்பாடிக்கு லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்தார். அந்த லுத்தரன் மிஷனின் கடிதங்களும் கட்டுகளும் ஜெர்மனியில் ஹாலே நகரில் காக்கப்படுகின்றன. ஆனால் சாதாரணக் குடும்பம் ஒன்றைத் தேட முதலில் போக வேண்டியது அந்தந்தச் சபையின் குருவானவரிடமோ பங்குத்தந்தையிடமோதான். திருவிழாச் சமயத்திலும் ஞாயிறு காலையிலும் போய் நிற்காதீர்கள். வார நாளில், ஏறக்குறைய எந்த வருஷம் என்ற கணக்கோடு போங்கள். கிளைச் சபை பிற்பாடு தனிச் சபையாகப் பிரிந்திருக்கும், ஆகவே பழைய ஏடு தாய்ச் சபையில் இருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் எப்படித் தேடுவது? கல்லெழுத்து தேய்ந்திருந்தால்?

காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நாலரைக்கு மேலோ போங்கள். சாய்ந்த வெயிலில், உச்சி வெயிலில் தெரியாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். மரநிழலில் இருக்கும் கல்லுக்குப் பக்கவாட்டில் கைபேசி விளக்கைப் பிடித்தால் போதும். வெறும் தண்ணீர், மெல்லிய தூரிகை தவிர வேறு எதையும் கல்லில் போடாதீர்கள். கம்பித் தூரிகை, ஆசிட், சுண்ணாம்பு, சாக்கட்டி எல்லாம் கல்லைத் தின்றுவிடும். நூறு வருஷம் நின்ற எழுத்தை ஒரு காலையில் அழித்துவிடக் கூடாது.

தமிழ் எண்களில் வருஷம் வெட்டியிருந்தால் எழுத்துக் கோவை போலத் தெரியும். ‘௧௮௭௬’ என்பதைக் “க அ எ சு” என்று படித்துவிட்டு யாருடைய முதலெழுத்தோ என்று நகர்ந்துவிடுகிறார்கள். அது 1876. ௧ ஒன்று, ௨ இரண்டு, ௩ மூன்று, ௪ நான்கு, ௫ ஐந்து, ௬ ஆறு, ௭ ஏழு, ௮ எட்டு, ௯ ஒன்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பழைய கல்லில் ௲, ௱, ௰ என்று ஆயிரம், நூறு, பத்துக் குறிகளும் நடுவில் வரும்.

உங்களுக்கு வேண்டிய ஒரு கல்லை மட்டும் படமெடுத்துத் திரும்பாதீர்கள். அந்த வரிசை முழுவதையும் எடுங்கள். பக்கத்தில் கிடப்பவர்கள் சம்பந்திகளாக இருப்பார்கள். இடம் போதாத ஊர்களில் ஒரே குழியைக் குடும்பத்தார் மறுபடி திறப்பதுண்டு, ஆகவே கல்லில் இருப்பதைவிட அடக்க ஏட்டில் அதிகப் பெயர் இருக்கும். “கர்த்தருக்குள் நித்திரையடைந்த” நாளை நம்பலாம். பிறந்த தேதியைப் பிள்ளைகள் பிற்பாடு விசாரித்து வெட்டியிருப்பார்கள், வேறு ஏட்டோடு ஒத்துப் பாருங்கள்.

கத்தோலிக்க ஊர் என்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று போங்கள். சிதறிப் போன குடும்பமெல்லாம் மெழுகுவர்த்தியோடு அங்கே வந்து நிற்கும். பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

சென்னையில் புதைக்கப்பட்ட ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் கல்வெட்டுகளுக்கு ஜே.ஜே. காட்டன் 1905-இல் தொகுத்த பட்டியல் இருக்கிறது. கல் போன இடத்திலும் அதில் வாசகம் நிற்கிறது.

எங்களில் எரிப்பதுதான் வழக்கம். கல்லே கிடையாதே?

குலதெய்வக் கோயிலுக்குப் போங்கள். தலைக்கட்டு வரி நோட்டு (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் வரியின் கணக்கு) பூசாரியிடமோ தர்மகர்த்தா வீட்டிலோ இருக்கும். எந்த வருஷத்தில் எந்தத் தலைக்கட்டு சேர்ந்தது, எது ஊர் பெயர்ந்து போனது என்று அதில் தெரியும். மணி, குத்துவிளக்கு, படிக்கல், மண்டபத் தூண் இவற்றில் உபயதாரர் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். நகரத்தார் என்றால் ஒன்பது நகரக் கோயில்களில் தங்கள் கோயிலின் புள்ளிக் கணக்கை, அதாவது மணமான குடும்பங்களின் கணக்கைக் கேட்கலாம்.

புதைக்கிற வழக்கமுள்ள சமூகங்கள் ஏராளம். ஊர்ச் சுடுகாட்டை ஒட்டியோ சொந்தத் தோட்டத்திலோ சமாதி மேடை இருக்கும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு?

ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு. மணமக்களின் தகப்பன் பெயர், சாட்சிகள் பெயர், மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் தொகை) எல்லாம் இருக்கும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற பழைய கரையோர ஊர்களின் மையவாடிகளில் (அடக்கத் தலங்களில்) அரபு எழுத்துள்ள மீசான் கற்கள், அதாவது கல்லறைக் கற்கள் உண்டு. வருஷம் ஹிஜ்ரியில் இருக்கும். படிப்பதற்கு ஊர் ஆலிம் ஒருவரை அழைத்துப் போங்கள்.

தாத்தாவும் பேரனும் ஒரே பெயர். எப்படிப் பிரிப்பது?

முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம் என்பதால் கந்தசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் கந்தசாமி என்று மாறி மாறி வரும். மனைவி பெயர், புல எண், வருஷம் மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு கந்தசாமிக்கும் தனித் தாள் போடுங்கள். விதவைத் தாய் மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாக எழுதிக்கொடுத்த பத்திரம் கிடைத்தால் பெரும் பேறு. ஒரே வரியில் தகப்பன் இறந்தது, தாய் பெயர், பிள்ளைகள் வயது மூன்றும் வந்துவிடும்.

நாங்கள் தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், ஃபிஜித் தமிழர்கள். ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

நிலமில்லாதவர்கள் பெயர் இங்கே பல ஏடுகளில் சிதறிக் கிடக்கிறது என்று மேலே சொன்னேன். கப்பலேறியவர்கள் விஷயத்தில் அது தலைகீழ். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை போன 1,52,184 பேருக்கும் எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் வரை எழுதினார்கள். அடிமை வேலைக்குச் சமமான ஒப்பந்தத்துக்கு ஆளை அடையாளம் காண எழுதியது அது. இன்று கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு ஊர் காட்டுகிறது. மொரிஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளின் திருமண, பிறப்புச் சான்றுகளில் அந்த எண் இருக்கும். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போனது 1903 முதல்.

ஊர்ப் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சத்தமாகப் படித்துப் பாருங்கள். ‘ட்ரிச்சினாபொலி’ திருச்சிராப்பள்ளி, ‘டின்னவெலி’ திருநெல்வேலி, ‘சிங்கிள்புட்’ செங்கல்பட்டு என்று ஜில்லாவைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை வைத்து ஒலியை ஒப்பிட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருக்கும், தாலுகா சரியாக இருக்க வேண்டும்.

மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் பிடிப்பவர்) மூலம் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு வரி கிடைப்பது அரிது. தோட்டத்துப் பிறப்பு, திருமணப் பதிவுகளையும், இலங்கைத் தோட்டத் தமிழர் பற்றிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பியவர்கள் என்றால் அப்போது கொடுத்த குடும்ப அட்டையையும் பாருங்கள்.

ஊருக்கு நேரில் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்து பழைய புல எண்ணைச் சொல்லி, “இந்த நிலம் யாரோடது?” என்று கேட்டால் சொத்துக்குப் பங்கு கேட்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நில வழக்கில் நொந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் பத்திர நகலைக் கையில் விரித்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் குலதெய்வக் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போய், இன்னார் பேரப் பிள்ளை, சாமி கும்பிட வந்தேன், எனக்கு நிலம் நீச்சு எதுவும் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். உள்ளூரில் தெரிந்த ஒருவர், டீக்கடைக்காரரோ ஓய்வுபெற்ற வாத்தியாரோ, கூட வந்தால் இன்னும் நல்லது.

தாத்தா பாட்டியின் பழைய போட்டோ இருந்தால் பெரிதாக்கி எடுத்துப் போங்கள். சாதி பற்றிய கேள்வி வரும், கசப்பான கதைகளும் வரும். யாரோடு யார் ஓடிப் போனார், எந்த வீட்டை ஊரை விட்டுத் தள்ளி வைத்தார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய எதையும் அவர்களைக் கேட்காமல் வெளியே போடாதீர்கள். அவர்கள் சொன்ன பெயர்களையும் உறவுமுறையையும் அங்கேயே ஒருமுறை வாசித்துக் காட்டி, தப்பு இருந்தால் திருத்திக்கொண்டு கிளம்புங்கள். தயாரான வம்ச வரிசையின் பிரதி ஒன்றை அந்த வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.